கைடை மூடிவைக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

மகள் பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்திருக்கிறாள். பி.காம். எடுத்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மூணு வருஷம் கதையும் கவிதையும் படித்து என்ன திறமை வந்துவிடும்? இங்கிலீஷாவது சரளமாகப் பேச வருமா? பேங்க் பரீட்சைக்கு உதவுமா?

ஒரு தகப்பன், அம்பாசமுத்திரம்

அன்புள்ள அண்ணாச்சி,

பேங்க் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும், தயாரிப்பு தனி. பேச்சு பேசப் பேச வரும். இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடுவோம். 'கதையும் கவிதையும் படித்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்: நம் பிள்ளைகள் அவற்றைப் படிப்பதே இல்லை. கவிதை 14 வரி, கைடு நாலு பக்கம். 14 வரியை விட்டுவிட்டு நாலு பக்கத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் 18-ஆவது சானெட்டை (சானெட் என்பது 14 வரிக் கவிதை) எடுத்துக்கொள்ளுங்கள். 'அன்புக்குரியவரின் அழகைக் கோடையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறார்' என்று எழுதினால் மார்க் விழுந்துவிடும். கவிதை அதைச் சொல்லவில்லை. முதல் வரியில் ஒப்பிடட்டுமா என்று கேள்வி, இரண்டாம் வரியிலேயே நீ அதைவிட மேல் என்று பதில். 3 முதல் 8 வரை கோடையின் குறைகள்தான்: காற்று மொட்டுகளை உலுக்குகிறது, கோடையின் குத்தகை சீக்கிரம் முடிகிறது, வெயில் சில நேரம் சுடுகிறது, பல நேரம் மங்குகிறது. 9-ஆம் வரியில் 'ஆனால்' என்று திரும்புகிறது. கடைசி இரண்டு வரியில் கவிதை தன் ஆயுளைப் பற்றியே பேசுகிறது. அன்புக்குரியவரின் கண், கூந்தல், நிறம் எதுவும் இல்லை. கண் வருகிறதே என்பாள் மகள். 5-ஆம் வரியில் வருவது வானத்தின் கண், சூரியன். அடுத்த வரியின் பொன்னிறமும் அதனுடையதே. 13-ஆம் வரியில் வருவது பொதுவாக மனிதர்களின் கண்.

சித்திரை வெயிலில் வேகும் நமக்கு, கோடையோடு ஒப்பிட்டால் புகழ்ச்சியா என்று தோன்றும். இங்கிலாந்துக்காரனுக்குக் கோடை, நமக்குக் குற்றால சீசன் மாதிரி. இவ்வளவு தெரிந்தால் போதும், ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரலாறு இப்போது வேண்டாம்.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கியத் திறனாய்வாளர், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929-இல் அதைப் புத்தகமாக்கியபோது அவர் வரிசைப்படுத்திய தடுமாற்றங்களில் முதலாவது, நேர்ப்பொருளே பிடிபடாதது. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. நம் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கிய வட்டத்திலும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ருசித்தார்கள். இங்கே பிறந்த பிள்ளை கைடை நம்பிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மகளிடம் சொல்லுங்கள். முதலில் மூன்று தடவை வாய்விட்டு வாசிக்கட்டும். வரி எண் போட்டு, வினைச்சொற்களுக்கு அடியில் கோடு இழுத்து, ஒவ்வொன்றும் யார் செய்வது என்று பக்கத்தில் குறிக்கட்டும். பொருள் வழுக்குவது பெரும்பாலும் எழுவாயைத் தவறவிடும் இடத்தில்தான். தெரிந்த சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டும், 400 வருஷத்தில் பொருள் நகர்ந்திருக்கும். பிறகு முழுக் கவிதையையும் தமிழில், சாதாரண உரைநடையில், தன் வார்த்தையில் எழுத வேண்டும். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே புரியவில்லை. அந்த வரிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அதற்கப்புறம்தான் ஆங்கிலத்தில் ஒரே பத்தி, 150 சொல்லுக்கு மிகாமல். முதல் வாக்கியத்தில் தன் கருத்து. அடுத்து அதற்குச் சான்றான வரி. மீதி முழுக்க, அந்த வரி எப்படி அந்தக் கருத்தைத் தாங்குகிறது என்பது. பிள்ளைகள் சறுக்குவது இந்த மூன்றாவதில்தான். மேற்கோளைப் போட்டுவிட்டு 'எவ்வளவு அழகு' என்று நகர்ந்துவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் கவிதையின் தலைப்பை அடித்துவிட்டு வேறொன்றின் தலைப்பை வைத்துப் பார்க்கட்டும். அப்போதும் பத்தி பொருந்தினால் கிழித்துப் போடலாம்.

திறமை கேட்டீர்களே, இதுதான் அண்ணாச்சி. எழுதியிருப்பதை மட்டும் படிப்பது, சொன்னதற்குச் சான்று காட்டுவது. வக்கீலுக்கும் வேண்டும், பத்திரிகை உதவி ஆசிரியருக்கும் வேண்டும், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும் வேண்டும். வாரத்துக்கு ஒரு கவிதை போதும். ஆனால் மூன்று வருஷமும் விடாமல் செய்ய வேண்டும், கடைசி செமஸ்டரில் வாரிச் சுருட்ட முடியாது. வீட்டில் அவளுக்கு ஒரு மணி நேரம் தொந்தரவில்லாமல் கிடைக்கப் பாருங்கள். சொந்தக்காரர்களை அந்த நேரத்தில் திண்ணையிலேயே உட்கார வையுங்கள்.

18 முடிந்ததும் 130-ஆவது சானெட். அதில் கண், உதடு, கன்னம், கூந்தல், குரல் எல்லாம் வருகிறது. 18-இல் ஏன் ஒன்றுகூட இல்லை என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் எனக்கு அனுப்பட்டும், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.