காலித் தோட்டாக் கூடு சுத்தம்: ஈயத் தூசிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா?

டெக்சாஸில் வீட்டு கராஜில், சுட்டு முடித்த 9 எம்எம் தோட்டாக்களின் கூடுகளை உலர் டம்ப்ளர் மெஷினில் (தூளோடு போட்டுக் குலுக்கித் தேய்க்கும் இயந்திரம்) சுத்தம் செய்கிறீர்கள், கைக்குழந்தையும் இருக்கிறது, சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா என்று கேட்டீர்கள். போதாது நண்பரே. வெடித்த பிரைமரின் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம்) ஈயம், டம்ப்ளரில் போடும் வால்நட் ஓட்டுத் தூளைச் சலிக்கும்போது எழும் சாம்பல் நிறத் தூசியில் மிதக்கும். மாஸ்க்கின் ஓர இடைவெளி வழியே நேரே உள்ளே போகும். முகத்தோடு இறுகும் பி100 ரெஸ்பிரேட்டர் (நுண்தூசியையும் வடிகட்டும் சுவாசக் கவசம்), நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். டம்ப்ளரின் மூடியை வீட்டுக்கு வெளியில் வைத்தே திறங்கள். தரையைப் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் நுண்தூசியைத் திருப்பி ஊதிவிடும்.

என்னைக் கேட்டால் தூளுக்குப் பதில் தண்ணீரில் கழுவும் ஈர டம்ப்ளருக்கே மாறிவிடுங்கள், தூசியே எழாது. ஆனால் கழுவிய அந்தக் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம்தான், சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சோப்பால் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். உங்களுக்கும் குழந்தைக்கும் ரத்த ஈயப் பரிசோதனை இப்போதே செய்துவிடுங்கள்.