வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கணவர் தச்சர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு உண்டு. இதய அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். உதவிக்கு எங்கே தொடங்குவது?

பதில்: பணம் கட்டும் முன் தொடங்குங்கள் அம்மா. பலர் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, ரசீதோடு அலைகிறார்கள். அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

முதலில் முதல்வர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றிலும் கணவர் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எழுத்து மாறியிருந்தாலே மனு தேங்கும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு, அறுவைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும்.

மீதித் தொகைக்குப் பிரதமர் நிவாரண நிதியும் அறக்கட்டளைகளும் உண்டு. நிவாரண நிதி இனி ஆகப்போகும் செலவுக்குத்தான் தரும். அதுவும் அதன் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். நோயும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதி, மருத்துவர் கையெழுத்திட்ட அசல் கடிதம் அவசியம். அறக்கட்டளைகள் பெரும்பாலும் மருத்துவமனை பெயரிலேயே காசோலை தரும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். எந்த அறக்கட்டளை இந்நோய்க்கு உதவும் என்பது அவருக்குத் தெரியும். தயங்காமல் கேளுங்கள்.

வாரியப் பதிவு காலாவதியாகவில்லையே? இனி உளி பிடிக்க முடியாதென மருத்துவர் சான்றளித்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கு அங்கேயே மனு செய்யலாம்.