ஒப்புமை 34 சதவீதம்: கடைக்கு ஓட வேண்டாம்

கேள்வி: குறுந்தொகையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டை மென்பொருளில் சோதித்ததில், பிறர் எழுத்தோடு ஒப்புமை 34 சதவீதம் வந்திருக்கிறது. பணம் கொடுத்தால் பத்துக்குக் கீழே இறக்கித் தருவதாகக் கல்லூரிக்கு அருகில் ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கடைகளில் உங்கள் பத்திகளைச் சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார்கள். நீங்கள் சொல்லவந்த பொருளே திரிந்துவிடும். சிலர் பத்தியைப் படமாக ஒட்டுவார்கள், கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் செருகுவார்கள். மாட்டினால் தண்டனை உங்களுக்குத்தான். இதைவிட மோசம், டர்னிட்டின் போன்ற ஒப்புமைச் சோதனை மென்பொருளில் உங்கள் ஏட்டைச் சேமித்து வைக்கும்படி ஏற்றிவிடுவது. பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது ஏடு முழுவதும் ஏற்கெனவே இருப்பதாகக் காட்டும். அப்போது கடைக்காரர் போனை எடுக்கமாட்டார்.

சரி, 34 என்பது ஒப்புமையின் அளவு. அதுவே திருட்டு ஆகிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆதாரம் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிதான். உங்களுக்கு இதுதான் முக்கியம். குறுந்தொகையின் 401 பாடல்களும் இணையத்தில் இருக்கின்றன. மேற்கோள் குறி போடாமல் பாடலைத் தந்தால், மென்பொருள் அதையும் ஒப்புமையாக எண்ணிவிடக்கூடும். ஒவ்வொரு பாடலுக்கும் மேற்கோள் குறியும் பாடல் எண்ணும் போடுங்கள். மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கி மறுபடி சோதித்துத் தரும்படி நூலகரிடம் கேளுங்கள். மறுத்தால் விதியைக் காட்டிக் கேளுங்கள். யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் வழியாகப் பல பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருள் இலவசமாகவே வருகிறது. இருந்தும், சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டைத் திருப்பிக் கொடுக்கிற நெறியாளர்கள் இருக்கிறார்கள். எந்த வரி எதோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாணவர்களைக் கடைக்குத் துரத்துவதே இந்த அலட்சியம்தான்.

அப்புறமும் மிஞ்சுவது பெரும்பாலும் உரையாக இருக்கும். பாடலுக்கு எண் போடுகிற மாணவர்கள் உரைக்கு ஒன்றும் போடுவதில்லை. 40ஆம் பாடலான ‘யாயும் ஞாயும்’ பாட்டுக்கு, உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பின் விளக்கத்தை எடுத்தால் அவர் பெயரும் ஆண்டும் பக்கமும் வேண்டும். நாலு சொல்லை மாற்றிவிட்டால் உங்களுடையது ஆகிவிடாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை எழுதுங்கள். அதன் பிறகும் அவர் பெயரைப் போடுங்கள். அந்தப் பதிப்பைக் கையில் எடுக்காமல், வேறொருவர் கட்டுரையில் பார்த்திருந்தால் அந்தக் கட்டுரையைத்தான் குறிப்பிட வேண்டும். இன்னொருவர் உழைத்துத் தேடிய அடிக்குறிப்பை அப்படியே தூக்கிப் போடுவதும் திருட்டுதான்.

திருத்தியபின் நூலகத்தில் மட்டும் சோதியுங்கள். ஏட்டைச் சேமித்து வைக்காமல் சோதிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.