மச்சான் சொல்லும் காரும் உங்கள் சம்பளம் தாங்கும் காரும்

கேள்வி: எனக்கு வயது 41. திண்டுக்கல்லில் தனியார் நிறுவனத்தில் வேலை. மாதம் கைக்கு வருவது 72,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 21,000. சேமிப்பு 6 லட்சம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். முதல் கார் வாங்கப் போகிறோம். ஒரே மாடலில் இரண்டு வேரியன்ட்டுக்குக் கொட்டேஷன் வாங்கி இணைத்திருக்கிறேன். என் மச்சான் கார் என்றால் உயிரை விடுபவர். “சின்ன காரெல்லாம் தகர டப்பா. விலையோ பகல் கொள்ளை. கொடுக்கிறதுதான் கொடுக்கிறாய், டாப் எண்டாக வாங்கு, இல்லையென்றால் பஸ்ஸிலேயே போ” என்கிறார். அவர் பேச்சைக் கேட்கலாமா?

பதில்: உங்கள் மச்சான் சொன்னதில் உறுதி, விலை என்ற இரண்டு விஷயத்தில் நியாயம் உண்டு. மூன்றாவதான ‘டாப் எண்ட் வாங்கு’ தவறு, பணம் போவது அங்கேதான்.

தகர டப்பா என்பதை முதலில் பார்ப்போம். காரின் உறுதியைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம். காரை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் மாருதியின் எஸ்-பிரஸ்ஸோ 2020-ல் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. வேகன் ஆர் 2023-ல் ஒரே ஒரு ஸ்டார். ஆனால் அதே மாருதியின் புதிய டிசையர் 2024-ல் 5 ஸ்டார் வாங்கியது. டாடா நெக்ஸான் 2018-லேயே 5 ஸ்டார் வாங்கிவிட்டது. இரண்டுமே 4 மீட்டருக்குள் அடங்கும் கார்கள். எனவே சின்ன கார், பெரிய கார் என்றோ, இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனி என்றோ பார்த்துப் பயனில்லை. எந்த மாடல், எந்த வருடத்துச் சோதனை என்று பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனையும் நடக்கிறது. கதவைச் சாத்தும்போது ‘தொம்’ என்று கேட்டால் உறுதியான கார் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் கதவு ரப்பருக்குப் பெரிய பங்கு உண்டு, அதை நம்பாதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாடல் 5 ஸ்டார் வாங்கியது. கொட்டேஷன்படி கீழ் வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி இரண்டும் இருக்கின்றன. மேல் வேரியன்ட்டில் கூடுதலாக இருப்பவை சன்ரூஃப், பெரிய திரை, டர்போ எஞ்சின், அலாய் வீல். உங்கள் அம்மாவையும் பிள்ளைகளையும் காப்பாற்றும் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி விலை. பகல் கொள்ளை என்று அவருக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது பெரிய நிம்மதிதான். அதன் பிறகும் உங்கள் கீழ் வேரியன்ட்டின் 8.90 லட்சம் எக்ஸ் ஷோரூம் விலைக்குள், அதாவது சாலை வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலைக்குள், சுமார் 1.36 லட்சம் ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது. அதன் மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி 13 சதவீதம், 1,15,700 ரூபாய். ஆக இரண்டரை லட்சம் வரிக்கே போகிறது.

அப்புறம் அந்த 10 லட்சம் என்ற கோடு. எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 18 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். 9.95 லட்சம் காருக்கு வரி 1,29,350 ரூபாய். 10.20 லட்சம் காருக்கு 1,83,600. “இன்னும் 25 ஆயிரம்தான் சார்” என்று ஷோரூமில் சொல்லும்போது வரியில் ஏறும் 54 ஆயிரத்தைச் சொல்ல மாட்டார்கள். நடு வேரியன்ட்டுக்கு மனம் தாவினால் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் இரண்டு கொட்டேஷனுக்கும் கணக்குப் போட்டேன். வட்டி 9 சதவீதம், முன்பணம் இரண்டுக்கும் 4.45 லட்சம். மேல் வேரியன்ட் ஆன் ரோடு, அதாவது எல்லாம் சேர்த்து, 14.45 லட்சம். மீதி 10 லட்சத்துக்கு ஏழு வருடக் கடன் என்றால் மாதம் 16,089 ரூபாய், வட்டி மட்டும் மூன்றரை லட்சம். கீழ் வேரியன்ட் 10.45 லட்சம். மீதி 6 லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதம் 12,455, வட்டி ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. வீட்டுத் தவணையோடு சேர்த்தால் முதலாவதில் சம்பளத்தில் பாதிக்கு மேல், மாதம் 37 ஆயிரம், கடனுக்கே போய்விடும். பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் கீழ் வேரியன்ட்டையே வாங்குங்கள். கையில் மிஞ்சும் 1.55 லட்சத்தைத் தொடாதீர்கள், அது அம்மாவின் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும்.

மேல் வேரியன்ட் கொட்டேஷனில் ‘எசென்ஷியல் கிட் 16,500’ என்று ஒரு வரி பார்த்தேன். மேட், மட் ஃப்ளாப், சீட் கவர்தான். கட்டாயம் இல்லை. கீழ் வேரியன்ட் பில்லிலும் கடைசி நேரத்தில் அதைச் சேர்க்கக்கூடும், எடுக்கச் சொல்லுங்கள். என் முதல் காருக்குச் சாவி வாங்கும் சந்தோஷத்தில், நான் கேட்கவே கேட்காத பெயின்ட் கோட்டிங்குக்கு 9,000 ரூபாய் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பில்லை விரித்த பிறகுதான் தெரிந்தது. இன்ஷூரன்ஸையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

மச்சானை விட்டுவிட வேண்டாம். டெலிவரிக்கு முந்தின நாள் வண்டியைப் பார்க்க அவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். ஐந்து சக்கரத்தையும் அவர் குனிந்து பார்க்கட்டும். பெயின்ட், கண்ணாடி, ஓடோமீட்டர் எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.