பின்சக்கரத்தில் கசியும் பிரேக் ஆயில்

கேள்வி: 15 ஆண்டுகளாக ஓடும் என் காரின் பின்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் ஈரமாகவே இருக்கிறது. பிரேக் ஆயில் மட்டம் குறைகிறது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் (அதன் ரப்பர் பாகங்களின் புதிய தொகுப்பு) போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அதைத்தான் செய்தோம். இப்போது என்ன செய்வது?
– வாசகர், தேனி

பதில்: கசிவைச் சரிசெய்யும்வரை தயவுசெய்து அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிளால் இயங்குவதால் அது காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதுவும் ஆயிலில் ஊறிய அதே பிரேக் ஷூக்களைத்தான் இழுக்கிறது.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய் வழியே வந்து, வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள பிஸ்டன்களை வெளியே தள்ள, அவை இரண்டு ஷூக்களையும் சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உட்புறத்தில் கிண்ணம் போன்ற ஒரு ரப்பர் கப் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அதன் விளிம்பு விரிந்து, சிலிண்டர் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரப்பர் எவ்வளவு புதியதாக இருந்தாலும், சுவர் வழவழப்பாக இல்லாவிட்டால் ஆயில் நிற்காது.

அந்தச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் துரு பிடித்து, சிறு சிறு குழிகள் விழுகின்றன. புதிய கப்பின் விளிம்பு அந்தக் குழிகளின் மேல் உராய்ந்து விரைவில் தேய்ந்துவிடும். உங்கள் வண்டியில் கசிவு திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். சில சமயம் துருவால் பிஸ்டனே இறுகிப்போய், அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்காமலோ பிடித்த பிரேக்கை விடாமலோ இருப்பதும் உண்டு.

டிரம்மைக் கழற்றிய பிறகு, சிலிண்டர் முனையில் தூசி புகாமல் மூடியிருக்கும் ரப்பரின் விளிம்பை மெல்ல விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இலேசான ஈரப்பசை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயில் வழிந்தால் கப் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். சிலிண்டரைப் பிரித்து உட்சுவரில் நகத்தை ஓட்டும்போது எங்காவது தட்டினால், அதற்கு ரப்பர் கிட் போடுவது வீண்செலவு. உங்கள் வண்டிக்கு நான் சொல்வது, இரு பின்சக்கரங்களுக்கும் சிலிண்டரை முழுதாகவே மாற்றிவிடுங்கள் என்பதுதான். ஆயிலில் ஊறிய ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி மீண்டும் பொருத்தும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அதற்கு உடன்படாதீர்கள், இருபுறமும் புதிய ஷூக்களைப் போடுங்கள். ஷூவின் மேல் ஒட்டியுள்ள உராயும் பட்டையான லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கடைசியாக ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிக்காதபடி அதன் கீழே ஒரு மரக்கட்டையை வைப்பது நல்லது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத துருப்பகுதிவரை போய்விட்டால், அதன் ரப்பரும் கிழியக்கூடும்.

கேள்வி: வழியில் பிரேக் ஆயில் கிடைக்காவிட்டால், அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. ஆயில் என்று அழைத்தாலும் பிரேக் ஆயில் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. என்ஜின் ஆயில் பட்டால் பிரேக்கிலுள்ள ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். தவறி ஊற்றிவிட்டால் குழாய்களைச் சுத்தம் செய்வதோடு, அந்த ரப்பர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையையே வாங்குங்கள். டாட் 3 புதியதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். இறங்குமலைப் பாதையில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுங்கள்.