ஈஸ்டருக்கு முன் இறந்தவர் எந்த வாரக் கணக்கில்?

போன இதழில், இங்கிலாந்தில் வாராவாரம் இறப்புக் கணக்கை வெளியிடுகிறார்கள், லண்டன் வந்த நாளிலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகள்தான் இந்த முறை முழுக்க.

கேள்வி: வாட்ஸப்பில் ஒரு வரைபடம் வந்தது. 2018 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் மரணங்கள் திடீரென்று இரண்டாயிரம் குறைந்து, இரண்டே வாரத்தில் பழைய அளவைவிட மேலே ஏறியிருக்கிறது. ‘இதை ஏன் மறைத்தார்கள்?’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அப்படி என்னதான் நடந்தது? (வாசகர், ஹாரோ)

ஈஸ்டர் நடந்தது. ஆபீஸ் மூடியிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை, அந்த எண்கள் அப்போதே வெளியாகி இன்றைக்கும் எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் கிடக்கின்றன.

ஓஎன்எஸ் என்கிற தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து, சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரமாக எண்ணுகிறது. ஆனால் தலைப்பில் வருகிற எண், அந்த வாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதல்ல, எத்தனை இறப்புகள் பதிவாயின என்பது. இதைக் கவனிக்காததால்தான் பாதி வாட்ஸப் வரைபடங்கள் பிறக்கின்றன. நீங்கள் சொல்லும் வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மார்ச் 23-ல் முடிந்த வாரம் 11,913, மார்ச் 30-ல் முடிந்தது 9,941, அடுத்து 10,794, அதற்கடுத்து 12,301. புனித வெள்ளி மார்ச் 30, ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 2. இரண்டு வாரத்திலும் ஒவ்வொரு வேலைநாள் போய்விட்டது, தேங்கியதெல்லாம் மூன்றாவது வாரத்தில் வந்து விழுந்தது.

இது எனக்கு மறக்காது, ஏனென்றால் என் சித்தப்பா அந்த வாரத்தில்தான் காலமானார். மார்ச் 28, புதன்கிழமை ராத்திரி. வியாழன் மதியம் டாக்டரின் சான்றிதழ் கைக்கு வந்தது, பதிவாளர் அலுவலகத்துக்கு போன் போட்டால் அன்றைக்கு நேரம் காலியில்லை. வெள்ளி லீவு, சனி ஞாயிறு போயிற்று, திங்களும் லீவு, செவ்வாய்க்கிழமை எல்லாரும் ஒன்றாகக் கூப்பிட, எங்களுக்குக் கிடைத்தது புதன் காலை பதினொரு மணி. பதிவாளர் அம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார், பிறந்த ஊர், தொழில், சித்தியின் பெயர் (எழுத்துக்கூட்டிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது). கடைசியில் மை ஊற்றி எழுதும் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போடும்போது நீலமாக இருந்த மை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்க ஆரம்பித்தது. பதிவேட்டுக்கென்றே தயாராகிற மை அது. பச்சை நிறப் படிவம் ஒன்றைக் கொடுத்தார், அது இல்லாமல் தகனத்துக்கு வழியில்லை. ஆக, மார்ச் 28-ல் போன மனிதர், அரசாங்கத்தின் வாரக் கணக்கில் ஏப்ரல் 6-ல் முடிந்த வாரத்தில் ஒருவராக நிற்கிறார். கிறிஸ்துமஸ், மே மாத பேங்க் ஹாலிடேக்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கேள்வி: சரி, லீவு நாளால் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. அதைவிட நீண்ட தாமதமும் உண்டா? (வாசகி, கோவை)

உண்டு, அதுதான் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தற்கொலை, விபத்து, காரணம் தெரியாத சாவு என்றால் கொரோனர் (இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) விசாரணை முடிந்த பிறகுதான் பதிவு, அதற்கு மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலே இழுக்கும். இப்படிப் போகிறவர்களில் இளைஞர்கள் அதிகம் என்பதால், ‘இந்த மாதம் இளைஞர் சாவு குறைந்தது’ என்றோ ‘கூடியது’ என்றோ யாராவது வாரக் கணக்கை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தில் இந்த விசாரணை முறையே கிடையாது, எட்டு நாளில் பதிந்துவிடுவார்கள். அவர்கள் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும், அதனால் இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வாரம் என்று கூட்டினால் உதைக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் சாவு கூடுவது ஏன்? ஹீட்டர் எல்லாம் இருக்கிற நாடுதானே, யாராவது விறைத்தா சாகிறார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

விறைத்துச் சாகிறவர்கள் மிகக் குறைவு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்குகிறது, பிரஷர் ஏறுகிறது, ரத்தம் சற்றுக் கெட்டியாகிறது, மாரடைப்பும் பக்கவாதமும் அடுத்த சில நாளில் வருகின்றன. சளி, ஃப்ளூ, நிமோனியா கொஞ்சம் தள்ளி வருகின்றன. மறதிநோய் உள்ள வயதானவர்கள் ஒரு ஃப்ளூவைத் தாங்க மாட்டார்கள். இதெல்லாம் சான்றிதழில் ‘குளிர்’ என்று எழுதப்படுவதில்லை, மாதக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்குப் போடும் விதம் எளிது. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாத இறப்பை எடுத்து, அதற்கு முந்தைய நான்கு மாதம், பிந்தைய நான்கு மாதம் இரண்டின் சராசரியைக் கழித்தால் வருவது குளிர்காலக் கூடுதல். 2017-18 குளிர்காலத்தில் இது 50,100. அடுத்த குளிர்காலத்தில் 23,200. பாதிக்கும் கீழே! ஒரே நாடு, அதே வீடுகள், அதே ஹீட்டர். முதல் வருடம் ஃப்ளூ கடுமையாக வந்தது, 2018 ஜனவரி 12-ல் முடிந்த வாரத்தில் மட்டும் 15,050 இறப்புகள் பதிவாயின, வருடச் சராசரியாகப் பார்த்தால் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கிற எண் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குளிர்காலக் கூடுதல் விகிதம் பின்லாந்து, ஸ்வீடன் போன்ற பனி நாடுகளைவிட போர்ச்சுகல், ஸ்பெயினில் அதிகம். அங்கே குளிர் லேசானது, வீடு அதற்குத் தயாராக இல்லை. ஸ்வீடனில் வெளியே மைனஸ் இருபது என்றாலும் வீட்டுக்குள் பனியனோடு உட்காரலாம். லண்டனின் பழைய வீடுகள் இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் இடுக்கில் துணி திணித்துக்கொண்டிருக்கும் ரகம்.

கேள்வி: வெயிலில் சாகிறவர்கள்? (அதே வாசகர்)

இருக்கிறார்கள். 2022 ஜூலை 19-ல் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. அந்தக் கோடையின் வெப்ப அலை நாட்களில் இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மட்டும் 2,803 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டார்கள். குளிர்கால எண்ணோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் 2003-ல் பிரான்சில் ஆகஸ்ட் மாதம் சுமார் 15,000 பேர் போனார்கள், அந்த நாடே அதிர்ந்தது.

கேள்வி: ‘கூடுதல் இறப்பு’ என்கிறார்கள். எதைவிடக் கூடுதல்? அந்த ‘எதை’ யார் முடிவு செய்வது? (வாசகி, மதுரை)

இந்தத் தொகுப்பிலேயே கூர்மையான கேள்வி இதுதான். ரொம்ப நாளாக முந்தைய ஐந்து வருடங்களின் அதே வாரச் சராசரிதான் அளவுகோல். 2020 ஏப்ரல் 17-ல் முடிந்த வாரத்தில் 22,351 இறப்புகள், சராசரியைவிட 11,854 அதிகம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த மாதிரி நேரத்தில் எந்த அளவுகோலை வைத்தாலும் விஷயம் தெரிந்துவிடும்.

சிக்கல் அதற்கப்புறம். 2020-ஐயே சராசரியில் சேர்த்தால் பிறகு வரும் எல்லா வருடமும் நல்ல வருடமாகத் தெரியும். அதனால் 2021-க்கு 2015 முதல் 2019 வரை வைத்தார்கள், 2022-க்கு 2020-ஐ மட்டும் விட்டுவிட்டு 2021-ஐச் சேர்த்தார்கள். இந்தச் சராசரிக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு: மக்கள்தொகை கூடுவதும் முதியவர்கள் பெருகுவதும் அதற்குத் தெரியாது. எண்பது வயதுக்காரர்கள் அதிகமானால் இறப்பும் அதிகமாகத்தான் செய்யும், அதில் மர்மம் இல்லை. 2024 பிப்ரவரியில் ஓஎன்எஸ் வயதையும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் புது முறைக்கு மாறியது. பழைய முறையில் ‘கூடுதல்’ என்று காட்டிய சில வாரங்கள் புதியதில் அடங்கிப்போயின, உடனே ‘எண்ணை மாற்றிவிட்டார்கள்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இறந்தவர் எண்ணிக்கையில் யாரும் கை வைக்கவில்லை, ஒப்பிடும் கோடுதான் மாறியது. என்னைக் கேட்டால் இந்த மாற்றத்தைப் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

எண் சராசரிக்குக் கீழே போவதும் உண்டு. 2020 ஜூன் நடுவிலிருந்து சில வாரம் அப்படித்தான் இருந்தது. அடுத்த சில மாதத்தில் போயிருக்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் ஏப்ரலிலேயே போய்விட்டார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

கேள்வி: இந்த வாரக் கணக்கு கொரோனா வந்த பிறகு தொடங்கியதா? (வாசகர், சேலம்)

ஐயோ, இல்லை. லண்டனில் நானூறு வருடத்துக்கும் மேலாக உண்டு. ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் சவத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வயதான பெண்களை நியமித்திருந்தார்கள், அதைத் தொகுத்து வியாழக்கிழமை தாளாக அச்சடித்து விற்றார்கள். பிளேக் வருகிறதா, ஊரைவிட்டுக் கிளம்பலாமா என்று பணக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். 1665 செப்டம்பரில் ஒரே வாரத்தில் பிளேக் என்று எழுதப்பட்டவை 7,165. அதற்கு மூன்று வருடம் முன்பு ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி இந்தத் தாள்களைச் சேர்த்து வைத்து ஒரு புத்தகமே போட்டார், மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கேதான் ஆரம்பம். அவரும் அந்தத் தாள்களைச் சந்தேகத்தோடுதான் படித்தார்: கிழவிகள் கையில் காசு வைத்தால் நோயின் பெயர் மாறும் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: இதையெல்லாம் வாராவாரம் பார்க்கிறீர்களே, பயமாக இல்லையா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

இல்லை. எக்ஸெல் ஷீட்டைத் திறக்க மறந்த வாரத்தில்தான் கொஞ்சம் உறுத்தும்.

கேள்வி: நானும் பார்க்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எந்த வரிசையைப் பார்ப்பது? (வாசகர், திருச்சி)

பதிவான தேதி, இறந்த தேதி என்று இரண்டு வகையாகவும் தருவார்கள். இரண்டாவதைப் பாருங்கள், ஆனால் கடைசி மூன்று நான்கு வாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள், பதிவு வர வர அவை நிரம்பிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கோடு கீழே சரிவதைக் கண்டு ‘குறைந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுவது அங்கேதான். அப்புறம், 2020-க்கு 53 வாரம் இருக்கும், வரிசை தப்பிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம்.