செயலி 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றால் புதிய பெட்டி வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தோட்டக் கோயிலில் காலையும் மாலையும் பக்திப் பாடல் ஒலிக்கச் செய்வதற்காக, ராஸ்பெரி பை கணினி பொருத்திய பாட்டுப் பெட்டியொன்றை இரண்டு மாதங்களுக்கு முன்னர் கண்டியிலுள்ள கடையொன்றில் ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கினோம். கைத்தொலைபேசிச் செயலி மூலமே அதை இயக்குகிறோம். சென்ற வாரம் மழையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்ததிலிருந்து, செயலி 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றே காட்டுகிறது. பெட்டி பழுது, மென்பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, புதியது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் எம்.பி.டி. எனப்படும் ஒலிச் சேவை பின்னணியில் இயங்குகிறது. உங்கள் செயலி அதற்குக் கட்டளை அனுப்பும் வெறும் கைப்பிடிதான். பெட்டி முற்றாகச் செத்திருந்தால் செயலி நெடுநேரம் காத்திருந்து 'நேரம் கடந்தது' என்று சொல்லியிருக்கும். 'மறுக்கப்பட்டது' என்ற பதில் உடனே வருகிறதென்றால், செயலியில் பதிந்துள்ள வலையமைப்பு முகவரியில் ஏதோ ஒரு கருவி உயிருடன் இருக்கிறது, ஆனால் எம்.பி.டி. வழமையாகப் பயன்படுத்தும் 6600ஆம் இலக்க இணைப்பு வாயிலில் (port) அழைப்பை ஏற்க எதுவும் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

அந்த 'ஏதோ ஒரு கருவி' உங்கள் பெட்டிதானா என்பதை முதலில் பாருங்கள். மின்சாரம் போய் வந்த பின்னர் ரவுட்டர் கருவிகளுக்கு முகவரிகளை மாற்றி வழங்கக்கூடும். பெட்டியின் பழைய முகவரி யாரோ ஒருவரின் கைத்தொலைபேசிக்குப் போயிருந்தால், மறுப்பது அந்தத் தொலைபேசியாகவே இருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்து, பெட்டியின் பெயருக்கு எதிரேயுள்ள முகவரியைச் செயலியில் இடுங்கள். பாட்டு வந்துவிட்டால், அதே முகவரியை ரவுட்டரில் பெட்டிக்கென நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். மழைக்காலம் முழுவதும் மின்சாரத்தோடு மல்லுக்கட்டும் மலையகத்தில் இது அவசியம்.

முகவரி மாறவில்லையாயின், சேவை தொடங்கவில்லை என்று கொள்ளலாம். பெட்டி தன் மெமரி கார்டில் எதையேனும் எழுதிக்கொண்டிருக்கையில் திடீரென மின்சாரம் அற்றுப்போனால் அதிலுள்ள கோப்புகள் சிதைந்து, கார்டு வாசிக்க மட்டுமே இடமளிக்கும் நிலைக்குப் போய்விடுவதுண்டு. அப்போது தன் பதிவேட்டை எழுத முடியாமல் சேவை நின்றுவிடும். கார்டை மாற்றி மென்பொருளை மீள நிறுவினால் போதும். முழுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். அண்மையில் யாரேனும் அமைப்புகளை மாற்றியிருந்தால், சேவை இயங்கியபடியே பெட்டிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கவும் கூடும். அது கடையின் தொழில்நுட்பவியலாளருக்கு ஒரு வரித் திருத்தம்.

உத்தரவாத அட்டையை எடுத்து வாசியுங்கள். மென்பொருள் விலக்கப்பட்டுள்ளதாக அதில் எழுதியிராவிட்டால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை ஏற்காமல், திருத்தித் தருமாறு எழுத்தில் கேட்டு, கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வழங்கிய உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் அந்த அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் முறைப்பாடு, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள், எழுத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. கடைக்காரரின் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பேச்சில் மூன்றாவதையும் இழந்துவிடாமல், அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரித்துக்கொண்டு, முறைப்பாட்டைப் பற்றுச்சீட்டின் பிரதியுடன் இப்போதே அனுப்பிவிடுங்கள்.